பிந்தி வந்த கால்

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதை நான் ஒரு காரியமாக நினைத்ததே இல்லை. நல்லூர் நிறுத்தத்தில் டவுன் பஸ் முழுதாக நிற்காது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு உருளும். பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் அதற்குள் தொற்றிக்கொள்ள வேண்டும். வருடக்கணக்காக அப்படித்தான் ஏறினேன். ஒருநாள் காலையில் கம்பியைப் பிடித்தாயிற்று. படி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது. காலைத் தூக்கி வைத்துவிட்டதாக மனமும் சொல்லிவிட்டது. ஆனால் கால் அங்கே போய்ச் சேரவில்லை. செருப்பு படியின் விளிம்பில் உரசி வழுக்க, ஐந்தாறு அடி தூரம் தார்ரோட்டில் இழுபட்டேன். உள்ளே நின்ற ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கண்டக்டர், வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார்.

யாருக்கும் நடக்கக்கூடியதுதான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவே. ஆனால் கம்பெனி வாசலில் இறங்குகிறவரை என் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது அந்தக் காலுக்குத்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். கல்லூரி டீம், மாவட்ட டீம் என்று ஆடிக்கொண்டிருந்தவனை ஒரு போட்டியில் பார்த்துத் திருப்பூருக்கு அழைத்து வந்தவர் எங்கள் முதலாளி. பொங்கலூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து ஏற்றுமதிக் கம்பெனி ஆரம்பித்தவர். கல்லூரி நாட்களில் ஆடிய கால்பந்தாட்டத்தை மறக்க முடியாமல் கம்பெனி பெயரில் ஒரு டீம் வைத்திருந்தார். பதினைந்து பேர் சம்பளத்துக்கு ஆடினோம். ரிஜிஸ்டரில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். காலையில் கிரவுண்டு, பத்தரை மணிக்கு மேல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி கிரவுண்டு. பெட்டிக்கு டேப் ஒட்டுவது எப்படி என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அங்கே இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ எங்கே கோப்பை என்றாலும் வேனில் கிளம்பிவிடுவோம். குடியிருக்க நல்லூரில் கம்பெனி வாடகை கட்டிய இரண்டு அறை வீடு. மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். மகள் மூன்றாம் வகுப்பு.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கோட்டா எடுத்துவிட்டார்கள், இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுமதி செய்யலாம் என்று ஊர் முழுக்கப் புது மெஷின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டீமுக்கும் புது வேன் வந்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. டீம் கார்டில் முப்பத்திரண்டு. அந்த மூன்று வருடத்தைக் குறைத்துப் போட்டவர் எங்கள் கோச். ராணுவத்தில் ஆடி ஓய்வு பெற்று வந்தவர் அவர். முதலாளிக்குக் கிழட்டு ஆட்டக்காரன் பிடிக்காது என்று சொல்லி, நான் கேட்காமலே செய்தார்.

நான் ஸ்டாப்பர் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனைத் தடுக்கிற இடம். அந்த இடத்தில் ஓட்டத்தைவிடக் கணக்கு முக்கியம். எதிரி பந்தைத் தன் காலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தட்டுகிற நேரம் ஒன்று உண்டு. கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் நம் கால் போய்ப் பந்தைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால் அது டேக்கிள். பிந்திப் போனால் அங்கே பந்து இருக்காது, அவன் கால்தான் இருக்கும். இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

பஸ்ஸில் நடந்தது கிரவுண்டிலும் நடக்க ஆரம்பித்தது. கண் பார்த்துவிடும், கால் வந்து சேராது. இடது முழங்காலில் வேறு வலி. மேட்ச் அன்று காலையில் கோச் என்னை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போய் ஊசி போட வைப்பார். வலி போய்விடும். வலியோடு சேர்ந்து காலும் போய்விட்ட மாதிரி இருக்கும். எங்கே மிதிக்கிறோம் என்கிற உணர்வே இருக்காது. அதை நான் கோச்சிடம் சொல்லவில்லை. ஊசி போட்டால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

சொல்லாததற்குக் காரணம் எங்கள் பழைய கோல்கீப்பர். அவர் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். தோள் இறங்கிப்போய், தானாகவே நிறுத்திக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னார். கேன்டீனில் சால்வை போட்டுப் பிரியாணி போட்டார்கள். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசினார். மூன்று மாதம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒருநாள் நட்பு ஆட்டத்துக்காக எங்கள் வேன் ஒரு மில்லுக்குள் நுழைந்தபோது, கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்த செக்யூரிட்டி அவர்தான். சல்யூட் அடித்த பிறகுதான் உள்ளே யார் என்று பார்த்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்குப் பிறகு, நிறுத்திவிடலாமா என்று எப்போது தோன்றினாலும் அந்தத் தொப்பிதான் கண்ணில் வந்து நிற்கும். வீடு போகும், மகளின் பள்ளிக்கூடம் போகும், முப்பத்தைந்து வயதில் ஒரு தொழிலும் தெரியாதவனாக ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மேட்சுக்கு மறுபடி ஊசி போட்டுக்கொள்வேன்.

அந்த சீசனில் பாலக்காட்டில் ஒரு ஆட்டம். வலது பக்கமாக ஒருவன் பந்தோடு வந்தான். நான் சறுக்கிப் போனேன். பந்து போய்விட்டது. என் பூட்ஸின் ஆணி அவன் காலுறையைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. அவன் துள்ளிக் குதித்ததால் தப்பினான். பந்து வெளியே போக, ரெஃப்ரி விசில் அடிக்க, ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. அவன்கூடக் காலுறையை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓடிவிட்டான். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையகலம் தள்ளிப் போயிருந்தால் அவன் எலும்பு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து மகளின் யூனிஃபார்முக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை துணியில் குத்திய ஊசியை வெளியே இழுக்கவில்லை.

“இத்தன வருசமும் உங்களுக்கு அடிபட்டுறக் கூடாதுன்னுதான் ஜெபம் பண்ணேன்,” என்றாள். “உங்களால இன்னொருத்தருக்கு அடிபட்டுறக் கூடாதுன்னு கேக்கத் தோணல. நிப்பாட்டிருங்க.”

வீடு போய்விடுமே என்றேன். போனால் போகட்டும், தான் ஓவர்டைம் பார்ப்பதாகச் சொன்னாள். சீசன் முடியட்டும், இன்னும் நாலைந்து ஆட்டம்தான் என்று நான் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அரையிறுதி. எதிரே உள்ளூர் கிளப் டீம். எங்களைப் போலச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. தறி ஓட்டுகிறவர்கள், டெய்லர்கள், தோட்ட வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர்கள். அவர்களுடைய ஃபார்வர்டு ஒல்லியாக, இருபத்தைந்து இருபத்தாறு வயதில் இருந்தான். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர் என்று மைக்கில் சொன்னார்கள். முதல் பாதியிலேயே என்னை மூன்று முறை தாண்டிப் போனான். ஒவ்வொரு முறையும் என் தோளை உரசும்போது “ஸாரிங்ணா” என்று சொல்லிவிட்டுப் போனான். கூட்டம் சிரித்தது. இடைவேளையில் கோச் என் பக்கத்தில் வந்து குந்தி, அவனை நிறுத்தினால்தான் ஆட்டம் என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டாம் பாதியிலும் யாரும் கோல் போடாமல் ஆட்டம் சமமாக இருந்தபோது நடுவில் ஒரு பந்து விழுந்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் பந்தைத் தள்ளித் தட்டினான். அந்த நேரம்தான். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, போய்விடலாம் என்று. போனேன். பந்து என் கண்ணெதிரில் நகர்ந்து போனது. என் கால் அதற்குப் பிறகு வந்தது.

காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நான் எழுந்து முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவன் மல்லாந்து கிடந்தான். கத்தவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

“ஏனுங்ணா, என்ற காலு நேரா இருக்குதுங்களா? பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு முளைத்த மாதிரி மடங்கிக் கிடந்தது. காலுறைக்குள் அட்டைப்பெட்டித் துண்டை வெட்டி வைத்திருந்தான். கால் எலும்பைக் காக்கிற ஷின் கார்டைக் காசு கொடுத்து வாங்காதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அந்த அட்டை கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“நேராத்தான் இருக்கு,” என்றேன்.

ரெஃப்ரி எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பந்துக்குத்தான் போனார், வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அவர்கள் டீம்காரர்கள்கூட. ஒரு டாடா சுமோவின் பின்சீட்டில் அவனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மிச்ச ஆட்டத்தை நான் எப்படி ஆடினேன் என்று ஞாபகம் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். வேனில் ஏறும்போது கோச் என் முதுகில் தட்டி, அவன் வெளியே போன பிறகுதான் ஆட்டம் நம் கைக்கு வந்தது என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தட்டுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. நான் இனி எதற்குப் பயன்படுவேன் என்று அவர் புரிந்துகொண்டுவிட்டது போலிருந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் சட்டை மாற்றிக்கொள்வேன். வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். அவனுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அடிக்க வருவார்கள் என்று பயம். நல்லூர் வீதியில் வீட்டுக்கு வீடு தையல் யூனிட். நாள் முழுக்க பைக் வந்து நிற்கும், துணி மூட்டை இறக்கும், போகும். எந்த பைக் நின்றாலும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயம். அதைவிட என் காலைப் பார்க்கவே பயம். குளிக்கும்போது அதில் சோப்புப் போடுகையில் அது வேறு யாருடையதோ போல இருக்கும். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

ஒரு மாலை மகள் பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து இறங்கி, எப்போதும்போல என்னை நோக்கி ஓடி வந்தாள். அவள் பாய்ந்து வந்த வேகத்தில் நான் சட்டென்று விலகிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவள் கேட்டில் மோதி விழுந்து உதட்டில் ரத்தம். அழுததைவிட, அப்பா ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவி அவள் வாயைக் கழுவிவிட்டபடி என்னையே பார்த்தாள்.

அடுத்த நாள் அவள் என்னிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மதியம் திரும்பி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், நாலைந்து மாதம் கட்டிலில்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிறகும் பழைய மாதிரி ஆகுமா என்று சொல்ல முடியாதாம். முறிந்தது வலது கால். மெஷின் பெடலை மிதித்து ஓட்டுகிற கால் அது. அவன் தைக்கிற பீஸுக்குத்தான் கூலி. மாதச் சம்பளம் கிடையாது.

“என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் திட்டல. அவுக அப்பா காப்பி வாங்கிக் கொடுத்தாரு. அதான் எனக்குத் தாங்கல.” முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் உங்களுக்காகப் போகல. எனக்கு இருக்க முடியாமத்தான் போனேன். நீங்க உங்களுக்காகப் போங்க.”

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போன பிறகுதான் நான் போனேன். அவிநாசியில் இறங்கி, கேட்டுக் கேட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வழியெல்லாம் சோளக்காடு, நடுநடுவே தகரக் கூரை போட்ட நிட்டிங் யூனிட்டுகள். மெஷின் சத்தம் கேட்கிற இடங்களில் மூச்சு விட முடிந்தது. சத்தம் இல்லாத இடங்களில் என் செருப்புச் சத்தமே என்னைத் திரும்பிப் போகச் சொல்லியது. வீட்டு வாசலில் அவனுடைய அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். கையில் அரிவாளோடு நிமிர்ந்தார். நான் யாரென்று சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க” என்றார்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில், தலையணைகளுக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். நான் கையைக் காட்டித் தடுத்தேன். பெரியவர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எதிரே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். பிறகு அவர் கேட்டார்.

“ஏனுங்க, உங்களுக்கு என்ன வயசாச்சுங்க?”

“முப்பத்திரண்டுங்க,” என்றேன். வாய் பழகியிருந்தது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இல்லீங்க, முப்பத்தஞ்சு” என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்த வயதில் கால் சொன்னபடி கேட்குமா என்று கேட்டார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரியாத ஒரு விஷயத்தை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். கேட்காது என்றேன்.

“அது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைப் பொய் என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் யாராலும் முடியாது. பஸ்ஸும் பாலக்காடும் என் மனைவி சொன்னதும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

“தெரியுமுங்க,” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். தட்டு வெட்டுகிற சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது.

கட்டிலில் கிடந்தவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “நீங்க வேணும்னு பண்ணலீங்ணா. நீங்க வர்றது எனக்குத் தெரிஞ்சுதுங்க. எட்டாதுன்னும் தெரிஞ்சுது. நிறுத்திக்குவீங்கன்னு நெனச்சனுங்க.”

கொண்டுபோன பழப்பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, மறுபடி வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். வாசலில் பெரியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இறுதி ஆட்டத்துக்குப் போனேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வாசலில் வந்து நின்றது. ஏறிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அன்றும் வரவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டேன். ஆட்டம் ஆரம்பித்து முதல் ஆள் பந்தோடு என்னை நோக்கி வந்தபோது நான் இரண்டடி பின்னால் போனேன். அவன் இன்னும் வந்தான், நான் இன்னும் போனேன். அவன் சிரமமில்லாமல் கோல் போட்டான். அடுத்தவன் வந்தபோதும் அப்படியே. கால் முன்னால் போகவே இல்லை. எதிரே வருகிற ஒவ்வொரு காலுறைக்குள்ளும் கிழிந்த அட்டை நீட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. இடைவேளைக்கு முன்பே கோச் என்னை வெளியே எடுத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தபோது, பயந்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டையைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்தேன். மூன்று கோலில் தோற்றோம்.

திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கப் போனேன். மேஜை முழுக்கச் சாம்பிள் டி-ஷர்ட்டுகள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்றதும் சட்டையைக் கீழே வைத்தார்.

முழங்கால் வலிதானே, கோயமுத்தூரில் நல்ல டாக்டர் இருக்கிறார், இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஆடலாம் என்றார். முழங்கால் காரணமில்லை என்றேன். பிறகென்ன என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்றேன். பத்து வருடத்தில் நான் அவரிடம் சொல்லாத சொல்.

“பயமுங்களா? அடிபட்டுருமின்னுங்களா?”

“இல்லீங்க. அடிச்சிருவேன்னு.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தானும் ஆடியவர் அல்லவா, அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டக்காரனுக்கு என்று கொடுத்த வீட்டை ஆடாதவனுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றார். ஒரு மாதத்தில் காலி செய்துவிட வேண்டும். வேலை வேண்டுமென்றால் பேக்கிங்கில் இருக்கலாம், ஆனால் சூப்பர்வைசராக அல்ல, எல்லோரையும் போல நின்று வேலை செய்கிறவனாக. சரி என்றேன். கோல்கீப்பருக்கு நடந்ததுபோல மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்கள் என்றே நம்பினேன். மூன்றாவது மாதம் முழுக்க, ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் எனக்குத்தான் ஆள் வருகிறது என்று நினைப்பேன்.

யாரும் வரவில்லை. டேப் ஒட்டக் கற்றுக்கொண்டேன். நான் சூப்பர்வைசராக நின்றபோது என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட பெண்கள் இப்போது ‘ஏனுங்க, இப்பிடி மடிங்க’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு அறையிலிருந்து ஒற்றை அறை லைன் வீட்டுக்கு மாறினோம். மனைவி சொன்னபடியே ஓவர்டைம் பார்த்தாள். ஒரு நாளும் இடித்துப் பேசவில்லை.

அந்த டெய்லரின் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான்தான் முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் கேட்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலாளிக்கே தோன்றிக் கொடுத்திருக்கிறார்.

ஆறு மாதத்தில் அவன் ஊன்றுகோலை விட்டான். எட்டாவது மாதம் மெஷினில் உட்கார்ந்தான். வலது கால் வேகம் தாங்காமல் நடுங்கியதால் இடது காலால் பெடலை மிதிக்கப் பழகிக்கொண்டான். பாதி பீஸ்தான் முடிகிறது என்று நான் பார்க்கப் போனபோது சொன்னான். மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தேன். பெரியவர் நாலாவது தடவைதான் என்னிடம் மறுபடி பேசினார், மழை உண்டா அந்தப் பக்கம் என்று.

அமெரிக்காவில் பேங்குகள் விழுந்த வருடம் எங்களுக்கு ஆர்டர் நின்றது. முதலாளி முதலில் கலைத்தது டீமைத்தான். என்னோடு ஆடியவர்கள், எனக்குப் பிறகு வந்தவர்கள், எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பேக்கிங்கில் இடம் இருக்கிறதா என்று என்னிடம் வந்து நின்றார்கள். இல்லை. நானே தினமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அதில் ஒருவனுக்கு முப்பத்து நான்கு வயது, கணுக்காலில் கட்டு. எந்த வயதில் நிறுத்தியிருக்க வேண்டும் அண்ணே என்று கேட்டான். எனக்கு வயது சொல்லத் தெரியவில்லை. நான் கோச்சிடம் கால் நன்றாக இருக்கிறது என்று முதல் பொய் சொன்னேனே, அந்த வாரமே நிறுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவன் தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த தை மாதம் அந்த டெய்லருக்கு அவிநாசியில் கல்யாணம். பத்திரிகையோடு அவனே வந்து கூப்பிட்டிருந்தான். குடும்பத்தோடு போனோம். மண்டபத்து வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாலையும் பட்டு வேட்டியுமாக அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். நான் வேட்டிக்குக் கீழே பார்த்தேன். வலது கால் தரையில் படும்போது லேசாக வெளிப்பக்கம் திரும்பியது. விழுந்துவிடுவானோ என்று கையை நீட்டியபடி நின்றேன்.

அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“காலையே பாக்காதீங்ணா,” என்றான். “மூஞ்சியப் பாருங்க. கல்யாண மாப்பிள்ளைங்க நானு.”

மனைவி சிரித்தாள். நானும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக ஷேவ் செய்து, சந்தனம் வைத்து, வேர்த்திருந்தது. பந்தி ஆரம்பித்துவிட்டது, முதலில் சாப்பிடுங்கள் என்று எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். இலை போட்டார்கள். பெரியவர் வந்து என் மகளுக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார்.